தண்ணீர்த் தொட்டி முக்கில் ஒரு பச்சை நட்சத்திரம்

உடுமலைப்பேட்டை,
6.1.2025

கரா அமிகோ பெருமாளு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். என் மகள் தஹ்சீன் யாருக்காவது மாமியாராகப் பிறந்திருக்க வேண்டியவள். டீக்குச் சர்க்கரையைக் கூட எண்ணிப் போடுகிறாள். உன் காது மிஷின் எப்படி இருக்கிறது? பேட்டரி வாங்கச் சோம்பல்பட்டு ஒரு மாதம் ஊமைப்படம் பார்த்தாயே, மறுபடி அப்படி இருந்துவிடாதே. போனில் நான் கத்துவதும் நீ "ஆங், ஆங்" என்பதும் போதும் என்றுதானே காகிதத்துக்கே வந்தோம்.

சொல்ல வந்த விஷயம் நல்லதில்லை. தண்ணீர்த் தொட்டி முக்கில் நிற்கிற நம் தூணைப் பற்றியது. முப்பது வருஷமாக நாய் காலைத் தூக்குவதற்கு மட்டும் பயன்பட்ட தூணை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். பச்சை நட்சத்திரம் இருக்கிறதாம், அடுத்தது அங்கே பள்ளிவாசல் வருமாம், நட்டவன் லேபிள் கடை அக்பராம். இப்போது திருப்பூர்க் கடையைப் பார்த்துக்கொள்கிற மகன் ஜாவித்திடம் நாலு பேர் வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். தாசில்தார் ஆபீசில் 21ஆம் தேதி இரண்டு தரப்பையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் சொன்னால் நம்பமாட்டார்கள், பெருமாளு. நீ சொன்னால் நம்புவார்கள். ஏன் என்று உனக்கே தெரியும். நீ வந்து, "நட்சத்திரத்தை வெட்டினது நான், அது எஸ்பெராந்தோ பாஷைக்கு அடையாளம்" என்று ஒரு வார்த்தை சொல். போதும்.

ஜிஸ் லா ரெவீதோ,
அக்பர்


திருப்பூர்,
11.1.2025

கரா அமிகோ அக்பர்,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்தது தப்பு என்று அப்புறம்தான் தோன்றியது.

பள்ளிவாசலா? ஒரு பனியனை வெதுவெதுப்பான தண்ணீரில் துவைக்கச் சொல்ல ஒன்பது பாஷையில் லேபிள் அடித்து நீ நொந்துபோய், "எல்லாத்துக்கும் பொதுவா ஒரே பாஷை இருக்கக் கூடாதா?" என்று கேட்டதில் ஆரம்பித்த கதை இது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல், உலகத்துக்கே பொதுவாக ஒருவர் உண்டாக்கிய பாஷை இருக்கிறது என்று எங்கிருந்தோ ஒரு புத்தகம் வரவழைத்தாய். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பதினோரு பேர் வந்தார்கள், அதில் ஒன்பது பேர் போண்டாவுக்கு. உலகம் முழுக்க அந்தப் பாஷைக்குப் பச்சை நட்சத்திரம்தான் என்று நீ சொன்னாய். கட்டிங் செக்ஷனில் பேட்டர்ன் அட்டை கேட்டு வாங்கி அளவெடுத்துத் தகரத்தில் நான் வெட்டினேன், இரண்டு பேருமாகத் தூண் நட்டு அதில் பதித்தோம். முதலில் வெட்டியதில் ஐந்து முனைக்குப் பதில் ஆறு முனை வந்து நீ திட்டியது கூட ஞாபகம் இருக்கிறது. நிட்டிங் மிஷின் என் காதைத் தின்றதே தவிர, அன்பு நண்பனுக்கு 'கரா அமிகோ', மறுபடி பார்க்கும் வரை என்பதற்கு 'ஜிஸ் லா ரெவீதோ' என்று நீ முதன்முதலில் சொல்லிக்கொடுத்தது இன்னும் நாக்கிலேயே இருக்கிறது.

வீட்டுக்காரி ஒச்சாயி சொல்கிறாள், "யாருக்கும் தெரியாத பாஷைக்கு ஒரு தூணு, அதுக்கு ஒரு வம்பு வேற!"

ஒன்று சொல்ல வேண்டும். தூணை எடுக்கச் சொல்லி மனு கொடுத்திருப்பது பனியன் கம்பெனி குமாரவேல். என் பையன் முனீஸ் நாற்பது மிஷின் போட்டுத் தைப்பது அவருடைய ஆர்டரைத்தான். இருந்தாலும் வருகிறேன். புது பேட்டரி போட்டுக்கொண்டே வருகிறேன்.

ஜிஸ் லா ரெவீதோ,
பெருமாள்சாமி


உடுமலைப்பேட்டை,
24.1.2025

கரா அமிகோ பெருமாளு,

அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் உன்னைத் தேடினேன். அதற்குள் நீ போய்விட்டாய். வழியனுப்பவாவது நிற்பாய் என்று நினைத்தேன். சரி, உனக்கு என்ன அவசரமோ.

அங்கே நடந்ததை எழுதுகிறேன். தாசில்தார் தங்கமான மனுஷி. "நட்சத்திரத்தை வச்சது யாருங்க?" என்று கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். "பெரியவரே, நீங்களா வச்சீங்க?" என்று உன்னைப் பார்த்து இரண்டு தடவை கேட்டார். நீ சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய். குமாரவேல் பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள். நான்தான், "அவருக்குக் காது கேக்காதுங்க மேடம், எழுதிக் காட்டினா பதில் சொல்லுவாருங்க" என்றேன். நேரமில்லை, பிப்ரவரி 4ஆம் தேதி எழுத்தில் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுவோம் என்று முடித்துவிட்டார். புது பேட்டரியும் சொதப்பிவிட்டது போல. கடைக்காரனை விடாதே, மாற்றி வாங்கு.

இனிமேல் காதே வேண்டாம். நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு 4ஆம் தேதி கொண்டுவா.

தூண் போனால் போகட்டும் என்றுகூட இருந்துவிடுவேன். ஆனால் அதை எடுத்தால், நான் திருட்டுத்தனமாக எதையோ நட்டேன் என்றுதான் அர்த்தம். இருபது வருஷமாக ஜாவித்திடம் லேபிள் எடுத்தவர்கள், "கொஞ்ச நாள் ஆகட்டும் தம்பி" என்கிறார்களாம். நேற்று போனில் கேட்டான், "அத்தா, இது நம்ம ஊர்தானே?" நீ வந்து நின்றால் அவனுக்கு நான் பதில் சொல்லிவிடுவேன். கட்டாயம் வா.

ஜிஸ் லா ரெவீதோ,
அக்பர்


திருப்பூர்,
9.2.2025

அக்பர்,

4ஆம் தேதி நான் வரவில்லை. காய்ச்சல் என்று எழுத ஒரு காகிதம் எடுத்தேன்; அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

பேட்டரியில் ஒரு கோளாறும் இல்லை. தாசில்தார் முதல் தடவை கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. பதில் சொல்லத்தான் வந்தேன், சத்தியமாக. கதவோரம் பார்த்தால் குமாரவேல் பக்கத்தில் முனீஸ் நிற்கிறான். காலையிலேயே என் காலைப் பிடித்திருந்தான், "அப்பா, நாப்பது மிஷினும் நின்னுரும், நீங்க வாயத் தொறந்துராதீங்க" என்று. என் கை தானாகக் காதுக்குப் போனது. மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நீ எனக்காகச் சொன்னதை உன் கடிதத்தில்தான் படித்தேன்.

5ஆம் தேதி பொக்லைன் வந்தது. ஐந்து நிமிஷ வேலை. கும்பலோடு கும்பலாக நின்று பார்த்தேன். 7ஆம் தேதி நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். கிளார்க் வாங்கவில்லை. "அது முடிஞ்சுபோச்சுங்க பெரியவரே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முனீஸின் மிஷின்கள் ஓடுகின்றன. அந்தச் சத்தம் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கிறது.

குப்பையோடு கிடந்த நட்சத்திரத்தை எடுத்துவந்திருக்கிறேன். ஒரு முனை உடைந்திருக்கிறது. உடுமலைக்குக் கொண்டுவரட்டுமா? உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. நாலு திட்டாவது திட்டு.

ஜிஸ் லா ரெவீதோ,
பெருமாள்சாமி


உடுமலைப்பேட்டை,
17.2.2025

பெருமாள்சாமிக்கு,

நீ கழற்றியதை நான் பார்த்தேன். நேர் எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். சட்டைப் பையில் போட்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டாய், அதையும் பார்த்தேன். அதனால்தான் உனக்குக் காது கேட்காது என்று எழுந்து சொன்னேன். நாலு பேர் உன்னைக் கேவலமாகப் பார்த்துவிடக் கூடாது என்று அந்த நிமிஷத்தில் அதுதான் தோன்றியது.

பேட்டரி மேல் பழியைப் போட்டு எழுதியதும் தெரிந்துதான். நீ தலை குனியாமல் திரும்பி வர ஒரு வழி இருக்கட்டும் என்று. பதினோரு நாள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

முனீஸ் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் பிள்ளை பெற்றவன். "பயமா இருக்குடா அக்பரு" என்று ஒரு வரி எழுதியிருந்தால், வராதே என்று நானே எழுதியிருப்பேன். என்னிடம் அதைக்கூடச் சொல்ல முடியாது என்றா நினைத்துவிட்டாய்? இரண்டு தரப்பு என்று அவர்கள் சொன்னபோது, எனக்கு அதில் கவலையே இல்லை. நம் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் ஒரு தரப்பு என்று நினைத்திருந்தேன். 4ஆம் தேதி அந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் என் தரப்பு என்ன என்று எனக்கே சொல்லிக் காட்டினார்கள்.

ஜாவித் கடையைக் காலி செய்து இங்கே வருகிறான். "பெருமாள் மாமா ஏன் வரலை?" என்று கேட்டான். உனக்குக் காது சரியில்லை என்று அவனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் கண்ணில் நீ நல்லவனாகவே இருந்துவிட்டுப் போ.

நட்சத்திரத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். நீ வெட்டியது, உன்னிடமே இருக்கட்டும். ஒச்சாயியைக் கேட்டதாகச் சொல்.

முப்பது வருஷமாகப் பிரியும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிற மூன்று வார்த்தையை இதில் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அக்பர்