மைத்துனன் ஓசூர்க்காரன் ஆன கதை

ஞாயிறு, இரவு

இன்று நான் ஜெயித்த நாள்.

மனைவி சரோஜாவின் தம்பி பிரபு குடியிருப்பது பெங்களூரில். அங்கே சாலை வரி அதிகம் என்று காரை மட்டும் என் ஓசூர் முகவரியில் பதிந்து வைத்திருக்கிறான். மதியம் என் வீட்டுப் பிரியாணியைத் தின்றுகொண்டே, "இந்தப் புழுதியில எப்பிடி மாமா குடியிருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினான்.

அரை மணி நேரத்தில் போன். மாநில எல்லையில், அத்திப்பள்ளியில் கர்நாடகப் போக்குவரத்து அதிகாரி மடக்கிவிட்டார். பெங்களூர்வாசி என்று தெரிந்தால் வரி கட்டும்வரை கார் அங்கேயே நிற்கும்.

"மாமா, உங்க வூட்லதான் இருக்கறேன்னு சார்கிட்டச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். சரோஜாவையும் பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டேன்.

"நீயே சொல்லுப்பா, உனக்கு எந்த ஊரு?"

"ஓசூருதான் மாமா."

"ஊரு எப்பிடி?"

"ரொம்ப நல்ல ஊரு. காத்து, தண்ணி எல்லாம் அருமை."

சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரியின் குரல் கேட்டது: "அவ்ளோ நல்ல ஊருன்னா இந்தப் பக்கம் என்னா வேலை? வண்டியத் திருப்புங்க."

இப்போது ஹாலில் குறட்டை விடுகிறான். சோதனை இந்த வாரம் முழுக்க இருக்குமாம். பொய்யில் எனக்கும் பங்குண்டுதான், அதை நாளைக்கு யோசிக்கலாம். அவன் தலைமாட்டில் விளக்குமாற்றைச் சாத்தி வைத்திருக்கிறேன். அவன் ஊர்ப் புழுதியை அவனே பெருக்கட்டும்.