எண்ணெய் படிந்த துப்பு

போலாரம்
11.7.2025

அன்புள்ள ஆரோக்கியமேரி அவர்களுக்கு,

ஆக்னஸின் வகுப்பாசிரியை மைதிலி எழுதுகிறேன். இரண்டு நாளாகப் போன் செய்கிறேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் இதை உங்கள் எதிர்வீட்டு ஸ்ரீலேகாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆக்னஸ் ஏன் பள்ளிக்கு வரவில்லை? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

புதன்கிழமை பிள்ளைகளுக்கு ஒரு துப்பறியும் விளையாட்டு வைத்தேன். வகுப்பு மணி காணாமல் போய்விட்டது, யார் எடுத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். துப்பு மூன்று: எண்ணெய் விரல் பதிந்த ஒரு தாள், அதில் சிவப்பு மைப் பொட்டு, ஒரு சின்னச் சாவி. பிள்ளைகள் தாளை முகர்ந்து பார்த்ததும் தேங்காய் எண்ணெய் என்று, தலைக்கு எண்ணெய் வைத்து வரும் ஆக்னஸைக் காட்டிவிட்டார்கள். ஆர்வக்கோளாறில் அவள் பையையும் திறந்து பார்த்தார்கள். விளையாட்டுதானே, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி, திங்கட்கிழமை அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
மைதிலி

திருமுல்கேரி
13.7.2025

மைதிலி டீச்சருக்கு வணக்கம்.

பையைத் திறந்து பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைகீழாகக் கொட்டினார்கள் டீச்சர். அன்றைக்குச் சாயங்காலம் அவள் அத்தை வீட்டுக்குப் போய்த் தலை வாரிக்கொள்ள வேண்டும் என்று நான் பேன் சீப்பு வைத்துவிட்டிருந்தேன். அது கீழே விழுந்ததும் எல்லாரும் சிரித்தார்களாம், ஸ்ரீலேகா சொன்னாள். நீங்களும் சிரித்தீர்களாம். அதை ஏன் எழுதவில்லை?

"ஸ்கூல் நக்கோ மம்மி, வேண்டாம்" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு பேச்சில்லை. நேற்று அவள் நோட்டைப் புரட்டினேன். உங்கள் விளையாட்டுக்குப் பதில் எழுதி வைத்திருக்கிறாள். மணியை எடுத்தது மைதிலி மிஸ். சிவப்புப் பேனா மிஸ்ஸிடம் மட்டும்தான் உண்டு. சாவி மிஸ்ஸின் மேசை டிராயருக்கு. மிஸ்ஸும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறார்.

இதை ஏன்டி அப்பவே சொல்லல என்று கேட்டேன். "பின்னாடி பிரின்சிபால் இருந்தாரு மம்மி. சொன்னா மிஸ் தலையையும் மோந்து பாத்து சிரிப்பாங்க" என்றாள்.

அவள் எழுதியது சரியான பதிலா டீச்சர்?

இப்படிக்கு,
ஆரோக்கியமேரி

போலாரம்
14.7.2025

அன்புள்ள ஆரோக்கியமேரி அவர்களுக்கு,

சரியான பதில். முப்பத்தெட்டுப் பேரில் அவள் ஒருத்திதான் சரியாக எழுதியிருக்கிறாள்.

என் பின்னலைத் தொட்டுத்தான் அந்த விரல் அடையாளத்தைப் பதித்தேன். அந்த அறையில் எண்ணெய் வைத்த தலை இன்னொன்றும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பையைக் கொட்டும்போது என் கை டிராயர்மேல்தான் இருந்தது. இழுத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். வகுப்பைப் பார்க்க வந்திருந்த பிரின்சிபால் முன்னால் கலகலப்பாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதுவும் முழு உண்மை இல்லை. நானும் இதே ஊரில் படித்தவள். எண்ணெய்த் தலை என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். புதன்கிழமை இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு எழுதும்போதும் அதை மறைத்தேனே, அது இன்னும் வெட்கம்.

இன்று வகுப்பில் டிராயரைத் திறந்து மணியை எடுத்துக் காட்டினேன். ஆக்னஸின் பதிலைச் சொன்னேன். நான் சிரித்தது தப்பு என்றும் சொன்னேன். பிரின்சிபாலிடமும் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கு வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்கலாமா?

மைதிலி

திருமுல்கேரி
16.7.2025

மைதிலி டீச்சருக்கு,

வீட்டுக்கு வர வேண்டாம். அவளைப் பார்த்துச் சிரித்தது வகுப்பில். கேட்பதையும் அங்கேயே கேளுங்கள். நாளைக்கு அனுப்புகிறேன். எண்ணெய் வேண்டாம் என்று அடம்பிடித்து, இரண்டு தடவை ஷாம்பு போட்டுக் குளித்திருக்கிறாள்.

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "மிஸ் பாவம் மம்மி" என்றாள். அவள் உங்களை மன்னித்துவிட்டாள் டீச்சர்.

என்னால் இன்னும் முடியவில்லை.

ஆரோக்கியமேரி