மூன்றாவது பெயர்

ஜூலை 6, ஞாயிறு

புகைமூட்டம். எதிர்க் கட்டடமே மங்கல். துணி எதையும் வெளியே போடவில்லை. லிப்ட் மறுபடி பழுது. காய்கறிப் பையோடு ஒன்பதாம் மாடிவரை ஏறினேன். முட்டி விண்விண் என்று வலி. மீன் வாங்க மறந்தது மேலே வந்த பிறகுதான் நினைவு. இன்று ரசமும் அப்பளமும்தான்.

மத்தியானம் கணேசண்ணன் போன். எங்கள் ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டம் கைமாறி, தொழிலாளர் லயன் வீடுகளை இடித்து, எல்லோரும் மூலைக்கு ஒருவராகப் போன பின் வருஷத்துக்கு ஒரு முறை ஆட்களைக் கூட்டி வைப்பவர் அவர்தான். இந்த வருஷம் 20ஆம் தேதி, தாசேக் கெலுகோர் மண்டபத்தில். சாப்பாட்டுக்கு முன்னால், போன ஒன்றுகூடலுக்குப் பிறகு இறந்து போனவர்களைப் பற்றிப் பேச வேண்டுமாம். நான்தான் பேச வேண்டுமாம்.

"உனக்குத்தான்மா குரல். அந்தக் காலத்துல கோயில் மைக்குல நீ பேசினா கடைசி லயம் வரைக்கும் கேக்கும்."

யார் யார் என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு. ஆயாக் கொட்டகை அஞ்சலையக்கா. அப்புறம் நம்ம கோல்கீப்பர் சாமிக்கண்ணு."

"மூணு பேரு அண்ணே. டிரைவர் முனியாண்டி அண்ணன் மே மாசம் போயிட்டாரே."

அண்ணன் தணிந்த குரலில், "அது வேணாம்மா. லெட்சுமியக்கா வர்றாங்க."

சரி அண்ணே என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் மனசு உறுத்துகிறது.

ஜூலை 8, செவ்வாய்

பல் கிளினிக்கில் கூட்டம். டாக்டர் தாமதம், திட்டு முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு. இடைவேளையில் பேச வேண்டியதை எழுதிப் பார்த்தேன்.

அஞ்சலையக்கா. விடியுமுன் பால்மரம் சீவப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுப்போவது அவரிடம். வரிசையாகத் துணித் தூளிகள். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்து, நுனியைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு வெற்றிலை போடுவார். ஒரு காலை ஆட்டினால் மொத்தக் கொட்டகையும் தூங்கும். நானும் அதில் ஆடியவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசியில் சிறுநீரகம். டயாலிசிஸ் செய்யும்போது பக்கத்துக் கட்டில் சீனத் தாத்தாவுக்கும் தாலாட்டுப் பாடினாராம். அக்கா வராத நாளில் தாத்தா தூங்கவே மாட்டாராம்.

சாமிக்கண்ணு அண்ணன். குள்ளம். அந்த உயரத்தில் ஒரு கோல்கீப்பர் வேறெங்கும் கிடையாது. பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவார். ஒரு முறை மேல்ஸ்தாயியில் கண்ணை மூடிக்கொண்டார், பந்து உள்ளே. தோற்ற கோபம் இருந்தும் அன்று ராத்திரி மீதிப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். தோட்டம் போன பிறகு ஜார்ஜ்டவுனில் காவல் வேலை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்து யாரோ மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இது இரண்டும் தானாக வந்தது. முனியாண்டி அண்ணன் என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதை யாரும் பேசுவதில்லை. நான் ஐந்தாம் வகுப்பு. விடியற்காலை, வேலைக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டுக் களம். லாரியைப் பின்னால் எடுத்தார். இருட்டு. லெட்சுமியக்காவின் மூத்த பெண் அம்மாவைத் தேடி ஓடி வந்திருக்கிறாள். கோகிலா. எனக்கு மூன்று வகுப்பு கீழே.

எத்தனை வருஷமாயிற்று இந்தப் பெயரை எழுதி? எழுதியதே இல்லை.

ஜூலை 12, சனி

வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே காரை எடுத்தார். பாலத்தில் வண்டி ஜேம். "கணேசண்ணன் வேணாம்னா வேணாம். நீ எதுக்குப் போயி கிண்டுற?" லெட்சுமியக்காவிடம் கேட்காமல் மேடையில் பெயரைச் சொல்லவும் முடியாது, விடவும் முடியாது.

அக்கா தாசேக் கெலுகோரில் சின்ன மகன் வீட்டில் இருக்கிறார். போர்ட்டிக்கோவைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எழுபது வயது, இடுப்பில் சொருகிய சேலை, கையில் துடைப்பம். "ஈரம், பாத்து வா" என்றார். இவரைக் காரிலேயே இருக்கச் சொன்னேன்.

சுற்றி வளைத்துப் பேசினேன். மண்டபம், சாப்பாடு, அஞ்சலையக்கா. அவரே வெட்டினார்.

"முனியாண்டி பேரச் சொல்லலாமா வேணாமான்னு கேக்க வந்திருக்க. அதானே?"

ஆமாம் என்றேன்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "அவன் ஜெயில்லேர்ந்து வந்ததும் ஒருநாள் என் வாசல்ல வந்து நின்னான். கதவ சாத்திட்டேன். அதுக்கப்புறம் வரல. கடைத்தெருவுல என்னைப் பாத்தா சைக்கிள விட்டு எறங்கி நிப்பான். நான் தாண்டிப் போற வரைக்கும் நிப்பான், மழை பேஞ்சாலும். வயசான பிறகும் அப்படித்தான். சில நாள் எனக்கு எரிச்சலா வரும், வேணும்னே மெதுவா நடப்பேன்."

மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அத என்கிட்ட கேக்காத. காலையில ஒண்ணு தோணும், பொழுதுபோனா வேற தோணும்." சேலை நுனியால் கை ஈரத்தைத் துடைத்தார். "என் முன்னாடி அவன் பேர யாரும் எடுக்கறதில்ல. எனக்காகத்தான்னு சந்தோஷப்பட்டேன். அப்புறம் பாத்தா என் புள்ள பேரையும் யாரும் எடுக்கல. என் மருமவளுக்கே தெரியாதுலா, எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சுன்னு. கல்யாணமாகி ரெண்டு புள்ள பெத்தப்புறம் போட்டோவப் பாத்து யாருன்னு கேக்குது."

எழுந்து மறுபடி துடைப்பத்தை எடுத்தார்.

"அவன் பேரச் சொல்லு. சொன்னா என் புள்ள பேரையும் சேத்துச் சொல்லணும். ஒண்ண மட்டும் சொல்றதா இருந்தா ரெண்டும் வேணாம்."

திரும்பும் வழியில் இவர் பட்டர்வொர்த்தில் தேநீர் வாங்கித் தந்தார்.

ஜூலை 15, செவ்வாய்

மழை. புகை குறைந்திருக்கிறது. இரண்டு பாட்டில் ஊறுகாயில் ஒன்று பூஞ்சை.

முனியாண்டி அண்ணனின் மகன் சரவணன் இங்கேதான், சுங்கை பினாங்கில் அடுத்த கட்டடம். பாயான் லெப்பாஸில் மின்னணு ஆலை வேலை. விபத்துக்குப் பிறகு பிறந்தவன். அவனிடமும் சொல்ல வேண்டும் அல்லவா? வேலை முடிந்து வருகிறவனைக் கீழே சாப்பாட்டுக் கடையில் பிடித்தேன். சொன்னேன். மீ கோரேங் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

"அக்கா, செத்ததுக்கு அப்புறமாவது எங்கப்பாவ விடுங்கலா."

"நல்லதும் சொல்வேன் தம்பி."

"என்ன நல்லது? அதுக்கப்புறம் அவரு ஸ்டியரிங்கத் தொட்டதில்ல. சாவுற வரைக்கும் சைக்கிள். நான் லைசென் எடுத்தப்போ வீட்ட விட்டுப் போயி கோயில்ல படுத்துக்கிட்டாரு. எங்க வீட்ல ஒரு கல்யாணத்துக்குத் தோட்டத்து ஆளு பாதிப் பேரு வரல. சாவுக்கு எத்தன பேரு வந்தாங்க? நீங்க வந்தீங்க. கணேசண்ணன் வந்தாரு. அவ்வளவுதான். இப்ப மைக்குல சொல்லப் போறீங்களா, இவர்தான் புள்ள மேல லாரிய ஏத்துனவருன்னு?"

சத்தம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். அவன் கண் சிவந்திருந்தது. அப்படியே முனியாண்டி அண்ணனின் கண்.

"நீ வர வேணாம்னா வராத தம்பி" என்றேன். தப்பான பேச்சு.

"எங்கப்பா பேரச் சொல்றப்ப நான் இல்லாம யாரு இருப்பா?" என்றான். எழுந்து போய்விட்டான்.

ஜூலை 19, சனி

தூக்கம் சரியில்லை. கிளினிக்கில் ஒருவருக்குத் தேதியை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு பக்கம் அந்த அம்மா. இன்னொரு பக்கம் இந்தப் பையன். இரண்டு பேரும் கேட்பது நியாயம். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவரிடமிருந்து பிடுங்க வேண்டும். நான் யார் இதில்? குரல் இருக்கிறது என்பதற்காகக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இவர்தான் சோறு பிசைந்துகொண்டே சொன்னார். "நீ சொல்லலைன்னாலும் அங்க எல்லாரும் அதைத்தான் நெனச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க." சாதாரணமாகச் சொன்னார், குழம்பு காரம் என்பது மாதிரி.

சேலை: பச்சை வேண்டாம். சாம்பல் நிறம்.

ஜூலை 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

மண்டபம் நிறைந்த கூட்டம். மூன்று படங்களுக்கு மாலை. மூன்றாவது படம் சரவணனே கொண்டுவந்து வைத்தது. கணேசண்ணன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். லெட்சுமியக்கா முன் வரிசை ஓரத்தில். சரவணன் பின்னால், கதவருகே.

அஞ்சலையக்காவின் கயிற்றைச் சொன்னபோது சிரித்தார்கள், அழுதார்கள். சாமிக்கண்ணு அண்ணன் கண்ணை மூடிய கதைக்கு மண்டபமே அதிர்ந்தது. சிரிப்பு ஓய்ந்ததும் சொன்னேன்:

"முனியாண்டி அண்ணன். நம்ம தோட்டத்து லாரி டிரைவர். ராத்திரி யாருக்கு வலி வந்தாலும் அவர் வண்டிதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். இங்க இருக்கறவங்கள்ல சில பேரு அந்த லாரியிலதான் பிறந்தீங்க. ஒரு நாள் காலையில அதே லாரியில அடிபட்டு லெட்சுமியக்கா மக கோகிலா இறந்துபோச்சு. ரெண்டாம் வகுப்பு. அதுக்கப்புறம் அண்ணன் எந்த வண்டியையும் ஓட்டல."

அவ்வளவுதான் சொன்னேன். பின்னால் நாற்காலி இழுபடும் ஓசை. சரவணன் எழுந்து வெளியே போனான். கணேசண்ணன் மைக்கை வாங்கக் கை நீட்டினார்.

லெட்சுமியக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "இன்னொரு தடவ சொல்லு."

"எத அக்கா?"

"பேர."

கோகிலா என்றேன். குரல் உடைந்துவிட்டது. மைக் இருந்தும் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. ஆனால் நடு வரிசையிலிருந்து ஒரு பெண், "ரெட்டச் சட. எங்க வீட்டுக் கொய்யாவ விட்டு வைக்காது" என்றாள். இன்னொருவர், "விசில் அடிக்குமே, ஆம்பளப் புள்ள மாதிரி." பிறகு ஆளுக்கு ஒன்று. லெட்சுமியக்கா ஒவ்வொரு குரலுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அழவில்லை. பசித்தவர் சாப்பாட்டைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

வெளியே ஓடினேன். சரவணன் இல்லை. மோட்டார் சைக்கிளும் இல்லை.

லெட்சுமியக்கா போகும்போது என் தோளில் கை வைத்தார். "அந்தப் பையன் சாப்புடாமப் போயிட்டான்" என்றார். முனியாண்டி அண்ணன் படத்தை எடுத்துப்போக ஆளில்லை. காரின் பின் சீட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல் சோபாவில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

லிப்ட் சரியாகிவிட்டது. மீன் வாங்கினேன், சாவாலை.

படத்தைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பும்போது சரவணனே வாசலில். உள்ளே வா என்றேன். வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கோவம் போகல அக்கா. அத மொதல்ல சொல்லிடறேன்."

"சரி தம்பி."

"அந்தப் புள்ள பேரு... நெசமாவே கோகிலாவா?"

"ஆமா. உனக்குத் தெரியாதா?"

"யாரு சொல்லுவா எனக்கு? ஒரு புள்ள செத்துச்சுன்னு தெரியும். பேரு தெரியாது." கதவு நிலையிலிருந்து கையை எடுத்தான். "அப்பா கடைசில ஆஸ்பத்திரில நெனவில்லாம அந்தப் பேரத்தான் சொல்லிக்கிட்டே கெடந்தாரு. கோகிலா, தள்ளிப் போ, தள்ளிப் போன்னு. யாரோ பொம்பளைன்னு நெனச்சோம். எங்கம்மாவத் தவிர வேற யாரோ இருந்திருக்காங்கன்னு. தங்கச்சி அமுதா அப்பவே எந்திரிச்சு ஜொகூருக்குப் போயிடுச்சு. கொள்ளி வைக்கும்போது இல்ல. கருமாதிக்கும் வரல. இன்னிக்கு வரைக்கும் அப்பான்னு ஒரு வார்த்த பேசல."

லெட்சுமியக்காவிடம் இதைச் சொல்வதா? தெரியவில்லை. இப்போது முடியாது.

அவன் போனில் அமுதாவின் எண்ணைத் தட்டி என்னிடம் நீட்டினான். "நான் சொன்னா நம்பாது. அப்பாவுக்குப் பரிஞ்சு பேசறேன்னு சொல்லும். நீங்க சொல்லுங்க."

மணி அடித்தது. எடுத்தாள். நான் யார் என்று சொன்னேன். உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

"வேணாம் அக்கா. எனக்கு எல்லாம் தெரியும்."

"தெரியாதும்மா" என்றேன்.