நாலாவது அடியில் திரும்பிப் பார்ப்பது

பீரோவைத் திறந்தால் கடல் உப்பு வாசனை அடிக்கிறது. என் வேட்டிகளுக்கு நடுவில் அந்த ஹெட்போன் கிடக்கிறது. அந்தமானில் ஒரு கரையில் வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டது. திருப்பிக் கொடுக்க மறந்து, சால்வைக்கு அடியில் கழுத்திலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதில் சார்ஜ் தீர்ந்து ஒரு மாதமாகிறது என்கிறாள் என் மகள் வள்ளி. தீர்ந்திருக்கலாம். ஆனால் விடியற்காலையில் பீரோக் கதவு இடுக்கில் நீல வெளிச்சம் மூன்று முறை மினுக்குகிறது. நாலாவது முறை மினுக்காமல் நிற்கிறது. மறுபடி மூன்று. அந்தக் கணக்கு உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

நீயும் நானும் கைநாட்டு. நான் சொல்லச் சொல்ல வள்ளி எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் புத்தக நடையாக்கிப் போடு, அவன் பேசியதை மட்டும் அவன் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். உன் பேச்சைத் திருத்தினால் அது நீ இல்லை.

பாடியில் இரும்புப் பட்டறையில் வேலை, பட்டாபிராமில் குடி. தெருவில் ஒரு சாவு என்றால் மோளக்காரர்கள் வருவதற்கு முன்பே நாம் இருவரும் வாசலில் நிற்போம். பாடைக்கு முன்னால் ஆட நம்மை யாரும் கூப்பிட்டதில்லை, போகாதிருந்தால்தான் கேட்பார்கள். மற்றவர்கள் குடித்துவிட்டுக் கைகால் போனபடி ஆடுவார்கள். உன் ஆட்டத்தில் ஒழுங்கு இருக்கும். மூன்று அடி முன்னால். நாலாவது அடியில் நின்று, இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பாடையைப் பார்ப்பாய். மறுபடி மூன்று. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அழகுக்காகவா பார்க்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"அழகுக்கு இல்ல மச்சான். செத்தவனுக்கு வழி தெரியாது. திரும்பிப் பாத்தா, நம்மளத்தான் கூப்புடறாங்கோன்னு பின்னாடியே வருவான்."

ரயில்வே கேட் தாண்டியதும் பாடையைக் கீழே இறக்கித் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றித் திருப்புவோம். அதுவரை ஊரைப் பார்த்து வந்தவன் அதற்குப் பிறகு சுடுகாட்டைப் பார்த்துப் போவான். அந்தத் திருப்பத்துக்குப் பிறகு நீ ஒரு முறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நாலாவது அடியில் நிற்பாய், தலை மட்டும் நேராக இருக்கும். ஒரு முறை நான் மறந்துபோய்த் தலையைத் திருப்பப் போனேன். என் காதைப் பிடித்து முன்னால் இழுத்தாய். மோளக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நீ சிரிக்கவில்லை.

"திருப்பத்துக்கு அப்பால பாத்தேன்னு வெச்சுக்கோ, சுடுகாட்டுக்குப் போவாம உன் ஊட்டுக்கு வந்துடுவான். அப்பறம் அவனுக்கு அதுவும் இல்ல, இதுவும் இல்ல."

பட்டறை மூடிய வருஷம் நீ கப்பலேறினாய். அந்தமானில் மரம் இறக்குகிற வேலை, ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்றாய். கிளம்புகிற அன்று பட்டாபிராம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்குப் பாதியாக ஒரு பீடியைக் குடித்தோம். வண்டி வரும்போதுதான் சொன்னாய். "நான் முன்னாடி பூட்டா நீ ஆடணும். நீ பூட்டா நான். திருப்பத்த வேற எவனையும் செய்ய உடாத."

வேலைக்குப் போகிறவன் பேசுகிற பேச்சா இது என்று திட்டினேன். கடல் தாண்டிப் போறேன்ல என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாய்.

எழுதத் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் கடல் ரொம்பப் பெரிது. ஆறு மாதம் முப்பது வருஷம் ஆயிற்று. அப்போதுதான் உன்னோடு வேலை செய்தவன் ஒருவன் ஊர் திரும்பி என்னைத் தேடி வந்து சொன்னான்: காய்ச்சலில் நீ போய்விட்டாய், கரையோரமாகவே புதைத்தார்கள் என்று. யாராவது ஆடினார்களா, பாடையைத் திருப்பினார்களா என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பேய்மழை, நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம், அதையெல்லாம் யார் பார்த்தது என்றான். அன்றிலிருந்து பத்து வருஷத்துக்கு மேலாக எனக்கு ஒரு வேலை பாக்கி.

இந்தப் பொங்கலுக்குப் பிறகு வள்ளி என்னை விமானத்தில் அங்கே கூட்டிப்போனாள். நீ மூன்று நாள் போன கடலை இரண்டரை மணி நேரத்தில் தாண்டிவிட்டேன். அவள் கண்ணாடிப் படகில் மீன் பார்க்க வந்தாள். நான் ஆட்டம் நடக்கிற இடத்தைத் தேடி வந்தேன். நீ இத்தனை வருஷம் இருந்த ஊரில் ஆடாமல் இருந்திருக்க மாட்டாய். ஆடுகிறவர்களில் ஒருத்தனுக்காவது உன்னைத் தெரிந்திருக்கும், உன்னை வைத்த இடத்தைக் காட்டுவான் என்று நினைத்தேன்.

ஆட்டோக்காரர் அந்தோணி அங்கேயே பிறந்த தமிழர். இங்கே ராத்திரி ஆட்டமெல்லாம் எங்கே நடக்கும் என்று கேட்டதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"டிஜே நைட்டா? இந்த வயசுலயா? வீட்டம்மாவுக்குத் தெரியுமா பெரியவரே?"

"அவ போயி ஒம்போது வருசம் ஆவுது. தெரிஞ்சா அவளும் வருவா."

அதற்குப் பிறகு அவர் எனக்கு வேண்டியவராகிவிட்டார். போர்டு எதுவும் இருக்காது, போன் குரூப்பில்தான் போடுவார்கள், எந்தக் கரை என்று அன்றைக்கு மத்தியானம்தான் தெரியும் என்றார். முதலில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார். நெஞ்சை இடிக்கிற சத்தம். வாசலிலேயே நின்று உன் நாலு அடியைப் போட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள், போனில் படம் பிடித்தார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் ராஞ்சிக்காரர்கள் குடியிருப்பு. அந்தக் காலத்தில் அங்கே காடு வெட்ட வந்தவர்களின் பிள்ளைகள். பெண்கள் கைகோத்து வளையமாக ஆடினார்கள். ஓய்ந்த நேரத்தில் நான் ஆடிக் காட்டினேன். பல் இல்லாத ஒரு கிழவி எழுந்து கிட்டே வந்தாள். அவள் இந்தியில் சொன்னதை அந்தோணி எனக்குச் சொன்னார்: மரக்கிடங்கில் வேலை செய்த மதராஸி ஆடுகிற ஆட்டம் இது. எங்கள் பையன்கள் அவரிடம் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் மூலமாகக் கரை முழுக்கப் போய்விட்டது. சனிக்கிழமை கரைக்குப் போங்கள், அங்கேதான் இருக்கிறார்.

இருக்கிறாரா என்று திரும்பக் கேட்கச் சொன்னேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் என்றாள் கிழவி. வயசானவங்க, குழப்பிக்கிறாங்க என்று அந்தோணி ஆட்டோவைத் திருப்பினார்.

சனிக்கிழமை வள்ளியும் கூட வந்தாள். அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. சவுக்குத் தோப்பு முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கினோம். பாட்டு இல்லை, மோளம் இல்லை. தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு கண் பழகியது. முப்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொருவர் காதிலும் நீல வெளிச்சம். ஆமை முட்டையிட வருகிற கரை, சத்தம் வைக்க விடமாட்டார்கள், அதனால் ஹெட்போனில் கேட்டு ஆடுகிறார்கள் என்றாள் வள்ளி. மணலில் கால் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தண்ணீரை நோக்கி மூன்று அடி. நாலாவது அடியில் முப்பது பேரும் நின்று, இடது தோளுக்கு மேலாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் நின்றது பாடை இருக்க வேண்டிய இடம். பத்தடி தள்ளிப்போய் நின்றேன். மறுபடி மூன்று அடி, மறுபடி திரும்பினார்கள். பார்வை என்னோடு வரவில்லை. நான் விட்டுவந்த வெறும் மணலையே பார்த்தார்கள்.

ஹெட்போன் கொடுக்கிற பெண்ணிடம் ஏன் அங்கே பார்க்கிறார்கள் என்று வள்ளி விசாரித்தாள். அது ஸ்டெப், எப்போதும் அந்தப் பக்கம்தான், எல்லோருக்கும் தெரியும் என்றாளாம்.

அவர்களுக்கு ஆட்டம் தெரியும். திருப்பம் தெரியாது. பாவம், சனிக்கிழமைதோறும் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நீயும் எழுந்து எழுந்து நின்றிருக்கிறாய். போய்ச் சேர ஒருத்தரும் விடவில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் போய் ஆடினேன். என்ன பாட்டோ தெரியாது. அடி மட்டும் நம் அடி. மூச்சு வாங்குகிற வரை ஆடிவிட்டு, அந்த வெறும் மணலுக்குப் போனேன். குனிந்து இரண்டு கையாலும் தூக்கினேன். அப்பா என்று வள்ளி கூப்பிட்டது எங்கேயோ கேட்டது. ஒன்றும் இல்லாததைத் தூக்குகிறவனுக்கு முழங்கால் அப்படி நடுங்காது. தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிக் கடலைப் பார்த்து வைத்தேன். பிறகு முன்னால் வந்து, தண்ணீரை நோக்கி ஆட ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாவது அடியில் அவர்கள் எல்லோரும் வழக்கம்போலத் திரும்பினார்கள். நான் திரும்பியிருக்கக் கூடாது. உன் முகத்தைப் பார்த்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் காதைப் பிடித்து இழுக்கவும் ஆள் இல்லை.

பார்த்ததை வள்ளியிடம் சொல்லவில்லை, அவள் எழுதுகிற இதிலும் சொல்லவில்லை. உனக்குத் தெரியும்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஆறாவது மாடி, வள்ளியின் வீடு. நான் லிஃப்டில் ஏறியதும் கதவு மூடுகிறது. மூடியது மறுபடி திறந்து, இன்னும் ஒரு ஆள் ஏறுகிற நேரம் நின்று, பிறகு மூடுகிறது. சென்சார் கெட்டுப்போச்சுப்பா என்கிறாள். அவள் தனியாக ஏறினால் அப்படி ஆவதில்லை.

தினமும் சாயங்காலம் ஏரிக்கரை நடைபாதைக்குப் போகிறேன். ஷூ போட்டுக்கொண்டு வேகமாக நடக்கிற ஜனங்களுக்கு நடுவில், கிழக்குக் கோடியில் குனிந்து உன்னைத் தூக்கித் திருப்பி வைக்கிறேன். சிலர் ஒதுங்கிப் போகிறார்கள். தாத்தா எறும்பு பிடிக்கிறார் என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டுப் போனது. வைத்துவிட்டு நடக்கிறேன். மூன்று அடி வரை சரியாகத்தான் இருக்கிறேன். பார்க்காவிட்டால் நீ போய்விடுவாய். நீ போக வேண்டியவன், அது எனக்குத் தெரியாதா? அந்த நாலாவது அடியில் கழுத்து என் பேச்சைக் கேட்பதில்லை மச்சான்.

இதை எழுதி முடித்துவிட்டு, இன்றைக்கும் ஏரிக்குப் போறீங்களா என்று வள்ளி கேட்கிறாள். ஆமாம், இன்றைக்குத் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுகிறேன். நேற்றும் இதையேதான் சொன்னேன்.