எழுதியவர்: சுகன்யா எம்.ஏ., பி.எட்.

தோட்டத்து லயம்,
குரங்கணிக்கு மேலே
11.8.2025

அன்புள்ள சுகன்யா,

நல்லாயிருக்கியான்னு கேக்கணும், கேட்டாச்சு. இங்க டவர் கிடைக்காததால தப்பிச்சே. போன்ல மட்டும் கெடச்சிருந்தா உன் காது கிழிஞ்சிருக்கும்.

ஜீப்பு ஓட்டுற பேச்சிமுத்து அண்ணன் நீ போட்ட புஸ்தகத்தைக் கொண்டாந்து குடுத்தாரு. ஒரே மாதிரி ஒலிக்கிற இங்கிலீஷ் சொல்லையெல்லாம் அடையாளம் பிரிச்சுச் சொல்ற புஸ்தகம். அட்டையில உன் பேரு! ஏண்டி, அது என் நோட்டுல்ல? சித்திரைத் திருவிழாவுக்கு நான் இறங்கி வந்தப்ப, 'ரெண்டு நாள்ல படிச்சிட்டுத் தர்றேன்'னு நீ வாங்கிட்டுப் போன நோட்டு. காலேஜ்ல மூணு வருசம் பக்கத்துல உக்காந்தவளாச்சேன்னு நம்பிக் குடுத்தேன்.

பகலெல்லாம் ஏலக்காய் எடுத்துட்டு, சாயங்காலம் ஸ்டோர்ல காய் பிரிக்கிறப்ப, கூட வேலை பாக்குற பொம்பளைகளுக்குச் சொல்லிக்குடுத்துச் சொல்லிக்குடுத்து எழுதினது அது. காத்திருக்கிற வெயிட்டுக்கு உதாரணமா மொக்கம்மாள் அக்கா ஜீப்பைப் பாத்து நிக்கிறா. எடை வெயிட்டுக்கு இருளம்மாள் மூட்டையைத் தராசுல ஏத்துறா. சோந்துபோன வீக்குக்குக் காய்ச்சல்ல கெடந்த சுஜாதா, வாரத்து வீக்குக்கு அவ எந்திரிச்சு வேலைக்கு வந்த திங்கக்கிழமை. ஒருத்தி பேரைக்கூட மாத்தாம அப்படியே அச்சடிச்சிருக்கே. என் பேரை மட்டும் காணோம்.

மொக்கம்மாள் அக்கா தன் பேரை இங்கிலீஷ்ல தடவித் தடவிப் பாத்துச் சிரிக்கிறா. எனக்கு வயிறு எரியுது. பதில் போடு.

நிலா


போடி
16.8.2025

என் அருமை நிலாவுக்கு,

கோவத்துலயும் உன் கையெழுத்து அழகுடி. நீ நினைக்கிற மாதிரி இல்லை. டைப் அடிச்சது, அச்சாபீசுக்கு நடையா நடந்தது எல்லாம் நான்தான். நீயும் பி.ஏ. இங்கிலீஷ், யாரு இல்லைன்னா? ஆனா காயெடுக்கிறவ எழுதினான்னு சொன்னா எந்தப் பெத்தவங்க பிள்ளைக்கு வாங்கிக் குடுப்பாங்க? நீயே சொல்லு. கடைசிப் பக்கத்துல 'மலைத் தோழிக்கு நன்றி'ன்னு போட்டிருக்கேனே, பாக்கலையா?

என் டியூசன் பிள்ளைக ரெண்டாம் பாகம் கேக்குதுக. மிச்ச நோட்டையும் பேச்சிமுத்து அண்ணன்கிட்ட வெரசா குடுத்துவிடு. மழையில நனையாதே, உடம்பைப் பாத்துக்கோ.

என்றும் உன்
சுகன்யா


தோட்டத்து லயம்
23.8.2025

சுகன்யாவுக்கு,

உன் கடுதாசியை ஸ்டோர்ல எல்லாருக்கும் சத்தமா வாசிச்சேன். காயெடுக்கிறவ எழுதினா யாரு வாங்குவாங்கன்னு நீ கேட்ட இடத்துல இருளம்மாள் எந்திரிச்சுட்டா. 'அப்போ காயெடுக்கிறவ பேரு உள்ளே மட்டும் எதுக்காம்?'னு கேட்டா.  மொக்கம்மாள் அக்கா லயத்து வீட்டுக்குப் போயி, துணிக்கடியில பத்திரமா வச்சிருந்த புஸ்தகத்தை எடுத்தாந்து என் மடியில போட்டா. 'இவ பேரு இல்லாத புஸ்தகத்துல எம்பேரு வேணாம் ஆத்தா. எடுக்கச் சொல்லு'ன்னா. சொல்லிட்டு அழுதுட்டா, சுகன்யா.

இத்தோட ஒரு தாள் வச்சிருக்கேன். ஸ்டோர்ல இருக்கிற பொம்பளைக பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க, இங்கிலீஷ்ல. இனி அச்சடிக்கிற புஸ்தகத்துல அவுக பேரு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அவுக நின்னது, தூக்குனது, காய்ச்சல்ல கெடந்தது எதுவும் இருக்கக் கூடாது.

அம்புட்டையும் எடுத்துட்டு, மிச்சம் என்ன இருக்கோ அதை உன் பேர்ல வித்துக்க.

நிலா, பி.ஏ.,
ஏலக்காய் எடுக்கிறவ