‘உள்ளே’ என்ற சொல்

மார்ச் 3, செவ்வாய்

கடற்கரைக் காவல் கோபுரத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லித் தேய்ந்த என் குரல் இன்னும் அங்கேயே நிற்கிறது போல. “இழுவை நீரோட்ட அபாயம் உள்ளதால் பொதுமக்கள் கடலில் இறங்குவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்று மைக்கில் படித்தேன். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

சாப்பிடும்போது அம்மாவிடம் அதையே அதே குரலில் சொல்லிக் காட்டினேன். “நீ பேசறதைக் கேட்டா பெட்டியைத் தூக்கிட்டு ஓடணும்போல இருக்கு. ஆபத்துன்னு தோணலையே” என்றாள். சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

உயிர்காப்பாளர்களின் தலைவருக்கு எல்லாரும் வைத்திருக்கும் பெயர் மீசை. மீசை கிடையாது, அதனால்தான். அந்த இழுவை எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று இன்று அவரைப் பிடித்துக்கொண்டேன். கோபுரத்தின் மேலிருந்து கையை நீட்டினார். இரண்டு பக்கமும் அலைகள் வெள்ளையாக உடைகின்றன. நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, சமர்த்தாகக் கிடக்கிறது. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போகும் பாதை அதுதானாம். பார்க்க அமைதியாக இருப்பதால் குளிக்க வருகிறவர்கள் அங்கேதான் இறங்குகிறார்களாம்.

அதற்கு நேர் எதிரே நிற்கும் பழைய பலகையில் ‘சுழல் பகுதி’ என்று எழுதியிருக்கிறது. சுழல் என்றால் ஜனங்கள் சுற்றுகிற தண்ணீரைத் தேடுகிறார்கள். எதுவும் சுற்றவில்லை. நிம்மதியாக இறங்கிவிடுகிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி

சுழல் இல்லை. அடியிழுப்பும் இல்லை. அப்புறம் அந்தப் பட்டையை என்னதான் சொல்வது? வெளியோட்டம்?

மார்ச் 8, ஞாயிறு

இன்று பிடிபட்டது!

மீசை ஒரு தபால்காரரைக் கரையேற்றினார். அவர் நடுங்கிக்கொண்டே “உள்ள இழுத்துது, உள்ள இழுத்துது” என்றார். கீழேயா என்று கேட்டேன். இல்லையாம், தலை தண்ணீருக்கு மேலேதான் இருந்ததாம். தூரமாக இழுத்திருக்கிறது. ஆனால் ‘உள்ளே இழுக்கும்’ என்று கேட்டுக் கேட்டு, அடுத்து அடிக்குத்தான் போகப்போகிறோம் என்று பயந்து, கரையைப் பார்த்து வெறிகொண்டு நீந்தி ஓய்ந்துபோயிருக்கிறார்.

நமக்குத் தூரமும் உள்ளேதான், ஆழமும் உள்ளேதான். படகும் கடலுக்குள்ளே போகிறது, கல்லும் கடலுக்குள்ளே போகிறது. ஒரே சொல்! மீசையிடம் இதைச் சொன்னேன். “நானும் தினம் ‘உள்ள இழுத்துடும்’னுதானே கத்திட்டு இருக்கேன்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 11, புதன்

புதிய வாசகம் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். பேச்சு வழக்கு வேண்டாம், அறிவிப்பு கண்ணியமாக இருக்கட்டும் என்று திருப்பிவிட்டார்.

அம்மா கேட்டாள்: “கண்ணியமா முழுகச் சொல்றாரா?”

மார்ச் 15, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமோ என்னவோ.

அம்மா தையல் கடைத் தோழிகளோடு கடற்கரைக்கு வந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை – திடீரென்று எதிரே வந்து நிற்கலாம் என்ற எண்ணமாம். நான் மேலிருந்து பார்க்கிறேன், அந்தக் கருத்த பட்டையில் ஒரு மஞ்சள் சட்டை. அம்மாவே தைத்துக்கொண்ட மஞ்சள். நான் கத்துவதற்குள் மீசை மிதவையோடு ஓடிவிட்டார். ஆனால் அவர் போய்ச் சேரும்வரை? அவள் கரையைப் பார்த்துக் கையை அடித்து நீந்துகிறாள். நீந்த நீந்தத் தள்ளிப் போகிறாள்.

படிக்க வேண்டிய தாள் எதிரேதான் இருந்தது. ஓர் எழுத்தும் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அம்மா, நான்தான். நீந்தாத. உன்னைக் கீழ இழுக்காது. தூரமாத்தான் கொண்டுபோகும், போகட்டும் விடு. மல்லாந்து படுத்துக்கோ. ஆள் வந்துட்டு இருக்காங்க.”

அவ கையடிக்கறதை நிறுத்தினா. ஐயோ, அந்த ஒரு நொடி – முழுகிட்டாளா? முழுகலை. மஞ்சள் மேல வந்துது. மெத்தையில படுக்கற மாதிரி படுத்துக்கிட்டா. அலை உடையற இடத்தைத் தாண்டினதும் இழுப்பு தானா ஓய்ஞ்சுபோச்சு. அங்கயே மிதந்துகிட்டு இருந்தா.

மீசை அவளை மிதவையைப் பிடிக்கவைத்து, நேராகக் கரைக்கு வராமல் பக்கவாட்டில் போய், அலைகள் உடைகிற பக்கமாகக் கொண்டுவந்தார். நான் மணலில் விழுந்து எழுந்து ஓடிக் கட்டிக்கொண்டேன். அம்மா உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

“மைக்குல அம்மான்னு கூப்பிட்டியே, எத்தனை பொம்பளைங்க திரும்பிப் பாத்தாங்க தெரியுமா?”

அழுதுகொண்டே சிரித்தேன். அவளும்தான்.

மார்ச் 16, திங்கள்

தையல் கடையில் கதை அதற்குள் வளர்ந்துவிட்டது: மீசை மிதவையே இல்லாமல் வந்தாராம்.

மார்ச் 19, வியாழன்

மேலாளர் கோபுரத்துக்கே ஏறி வந்தார். வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். ஞாயிறன்று நான் பேசியதை யாரோ கைப்பேசியில் பதிந்து அனுப்ப, அவரும் கேட்டிருக்கிறார். தயங்கித் தயங்கி, அதே வார்த்தைகளை அப்படியே பதிவுசெய்து தினமும் ஒலிபரப்பலாமா என்றார். “அந்த ‘அம்மா’வை மட்டும் எடுத்துடலாம், இல்லையா?”

சுழல் பலகையை மீசை இன்றைக்கே பிடுங்கிவிட்டார். புதிய பலகைக்கு நான் சொன்ன வரி: ‘அலை உடையாமல் அமைதியாக இருக்கும் இடத்தில் இறங்காதீர்கள்.’

மார்ச் 29, ஞாயிறு

விடுமுறை. அம்மாவோடு கடலுக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் துண்டைக்கூட விரிக்காமல், அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தது. இங்கே குளிக்கலாம் என்று உயிர்காப்பாளர்கள் நட்டிருந்த இரண்டு கொடிகளுக்கு நடுவே, இடுப்பளவுத் தண்ணீரில் அம்மா என் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து, தலையைச் சாய்க்கச் சொன்னாள். பிறகு எனக்குத் தெரியாமல் கையை எடுத்துவிட்டாள்.

ஒலிபெருக்கியில் என் குரல் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தது. காதில் தண்ணீர், கேட்கவில்லை.