மூன்று திட்டு நெல்

மார்கழி, வெள்ளி இரவு.

போன வருஷம் ஆலத்தூர் நாட்டிலேயே எங்கள் பள்ள வயலில்தான் இரண்டு ஜோடி காட்டு வாத்துகள் முட்டையிட்டன. வழக்கப்படி கூட்டைச் சுற்றி மட்டும் நெல்லை அறுக்காமல் விட்டோம். மொட்டை வயலில் தனியாக நின்ற கதிரே நரிக்கு வழி காட்டிவிட்டது. ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை. இந்த வருஷம் வந்தது ஒரே ஜோடி.

போன வாரம் அறுப்பில், கூட்டைச் சுற்றி விட்டதோடு, கூடு இல்லாத வேறு இரண்டு இடங்களிலும் என் மனைவி வள்ளி கதிரை விட்டுவைத்தாள். யுத்தத்தால் நெல் தட்டுப்பாடான காலத்தில் அதை வீணாக்குகிறாளே என்று எரிந்து விழுந்தேன்.

"நரியும் கொஞ்சம் தேடட்டுமுங்க," என்றாள்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். வெறும் திட்டுகள் இரண்டையும் நரி மிதித்துச் சாய்த்திருந்தது. கூடு இருந்த திட்டுப் பக்கம் அதன் கால்தடமே இல்லை. சற்று நேரத்தில் தாய் வாத்து வெளியே வந்தது. பின்னாலேயே குஞ்சுகள் வரிசையாக ஓடைக்கு இறங்கின.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வள்ளி அரிவாளை என் கையில் கொடுத்தாள். "இனி மூணு திட்டையும் அறுத்துட்டு வாங்க. ஒரு கதிரும் வீணாகாதுங்க."

அடுத்த வருஷம் நரியும் விவரமாகிவிடுமே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வள்ளி நிம்மதியாகத் தூங்குகிறாள். அதற்கும் ஏதோ யோசித்து வைத்திருக்கிறாள்.